தோண்டாமல் விட்ட தரை

பாயில், ரோஸ்காமன்
நவம்பர் 9

அன்பு மகள் டெர்வ்லாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தப் பெர்த் வெயிலில் வாடாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், சில விஷயங்களைச் சொல்ல முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பிப்ரவரியில் அப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல் எடுத்தார்களே, சர்க்கரைப் புண் என்று உன்னிடம் சொன்னோம், அது முழு உண்மை இல்லை. சமையலறைத் தரை குளிரில் கடிக்கிறது என்று மின்சார ஹீட்டரை இழுத்துவைத்துக் காலை நீட்டியிருக்கிறார். மரத்துப்போன பாதம், சுட்டது தெரியவில்லை. கருகிய வாடை வந்து நான்தான் ஓடினேன். "அவகிட்ட சொல்லாத, வீட்டை வித்துட்டு முதியோர் ஹோமுக்குப் போங்கன்னு மறுபடி ஆரம்பிச்சுடுவா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

அதற்குப் பிறகுதான் வீட்டைச் சூடாக்கும் பழைய எண்ணெய் பாய்லரை எடுத்துவிட்டு, வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் வைப்பது என்று முடிவுசெய்தோம். தரைக்குள்ளேயே சுடுநீர்க் குழாய் ஓடவேண்டும், காலடி கதகதப்பாக இருக்கவேண்டும் என்பது அப்பாவின் ஆசை. எஞ்சினியர் ஓர்லா வந்து தரையில் துளைபோட்டுப் பார்த்தாள். "கான்கிரீட்டுக்கு அடியில சூடு இறங்காம தடுக்குற காப்பு எதுவுமே இல்ல மலாக்கி, நேரா மண்ணுதான். இதுமேல குழாய் போட்டா மண்புழுதான் சுகமா தூங்கும்" என்றாள் அப்பாவிடம். தரையை உடைத்து, அடியில் வெப்பம் இறங்காத பலகை பரப்பி, புதிதாகக் கான்கிரீட் போடலாம், ஆனால் இரண்டு மாதம் வேறு இடத்தில் தங்கவேண்டும் என்றாள். நான் உடனே சரி என்றேன். அப்பா, "தோண்டுறதெல்லாம் எனக்குக் குழி தோண்டும்போது வெச்சுக்கலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் டீ குடிக்கும்போது அவரே சொன்னார், "கோன்லெத் ரெண்டே வாரம்னுதான் ஹோமுக்குப் போனான், சவப்பெட்டியிலதான் வந்தான். எனக்குப் பயமா இருக்குடி அட்ராக்டா." உன் பெரியப்பா பேரை அவர் எடுத்தே எத்தனை காலம் ஆயிற்று. நாற்பத்தாறு வருஷத்தில் பயம் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அதற்குமேல் நான் வாதாடவில்லை.

ஓர்லாவிடம் வேறு வழி கேட்டோம். தரையின் சூடு பெரும்பாலும் ஓரங்களில்தான் வெளியே ஓடுகிறதாம். அதனால் வெளிச்சுவர் முழுக்க அந்த வெப்பம் தடுக்கும் பலகையை ஒட்டி, மண்ணுக்குள்ளும் இரண்டடி இறக்கினார்கள். பரணில் குளிர் தடுக்கும் பஞ்சைக் கனமாக விரித்து, சுவரில் சுடுநீர் ஓடும் பழைய ரேடியேட்டர்களை எடுத்துவிட்டுக் கதவளவு பெரியதாக வைத்தார்கள், தரைமேல் தக்கைப் பலகையும் கம்பளமும் போட்டார்கள். முதல் வாரம் அப்பா ரேடியேட்டரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இது செத்துக் கிடக்கு, பிள்ளையைக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரி இருக்கு" என்று திட்டினார். அந்த இளஞ்சூடு நிற்காமல் ஓடி ஓடி இப்போது வீடு இருபது டிகிரியில் நிற்கிறது. தரை சூடாகிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், பின்கதவுப் பக்கம் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. ஆனால் கடிப்பதில்லை. அந்த மின்சார ஹீட்டரை நானே தூக்கிக்கொண்டுபோய் ஊர்க் கழிவுக்கூடத்தில் போட்டுவிட்டு வந்தேன். கால் புண்ணும் ஆறிவிட்டது.

நேற்று நான் உன் அறை ரேடியேட்டரை மூடப் போனேன், யாரும் படுக்காத அறைதானே என்று. அப்பா தடியை ஊன்றிக்கொண்டு வந்து வாசலை மறித்துவிட்டார். "இது மெதுவா ஏறுற சாமான். அவ வந்து எறங்குற அன்னிக்குத் திறந்தா எப்படிச் சூடாகும்? இப்பவே ஓடட்டும்" என்றார். நீ வருவதாகச் சொல்லவே இல்லை என்று அவருக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை.

தோளில் கறுத்துக்கொண்டே வருகிறது என்றாயே, அந்த மச்சத்தை டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. கன்னி மரியாள் உன்னைக் காப்பாற்றட்டும்.

என்றும் உன் அம்மா,
அட்ராக்டா