பதினோரு வீடுகளும் எங்கள் கையெழுத்தும்

திருத்தணி அருகிலிருந்து,
பிப்ரவரி 2

அன்பு மகள் டெபோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தயவில் நானும் நைனாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் உன்னையும் அவர் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும் என்பதுதான் எங்கள் தினசரி ஜெபம். நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, வேலை முடிந்து வந்து சாப்பிடாமலே படுத்துவிடுகிறாயா. மலைக்குப் போகிற காவடிக் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொண்டு நைனா இரண்டு நாளும் அரக்கோணத்துக்கு வேலைக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார், மற்றபடி வீட்டில் விசேஷமில்லை. ஊரில்தான் ஒன்று நடந்தது, போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன்.

நம் ஊர் கிராம சபை எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். காலையில் டேங்க் ஆபரேட்டர் ஜெகநாதன் தீர்மான நோட்டோடு வீடு வீடாக வருவார், குக்கர் விசிலுக்கு நடுவே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால் நம் வரையில் கூட்டம் முடிந்தது. பி.ஏ. படித்த நானும் பதினைந்து வருடமாக அப்படித்தான் போட்டேன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. உனக்குப் பாவாடை தைத்துத் தந்த சர்வர் பேகத்தை நினைவிருக்கிறதா, அவள் இருக்கிற ஏரிக்கரைத் தெருவில் பதினோரு வீட்டுக்கும் குழாய் கிடையாது, பக்கத்து நிலத்து மோட்டாரில்தான் குடிக்கப் பிடிக்கிறார்கள். அந்த நிலம் விலைபோய்விட்டது, சித்திரையோடு கேட்டைப் பூட்டிவிடுவார்களாம். குழாய் கேட்டு மனுவோடு யூனியன் ஆபீசுக்குப் போனவளிடம், எல்லா வீட்டுக்கும் குழாய் வந்துடுச்சுன்னு உங்க கிராம சபையே தீர்மானம் போட்டிருக்கேம்மா என்று நகலைக் காட்டியிருக்கிறார்கள். அதில் அவள் கையெழுத்தே இருக்கிறது, நாலு வரி மேலே என்னுடையதும் நைனாவுடையதும். நீயும் போட்டுகீறே நானும் போட்டுகீறேன், யாரைக்கா போய் கேக்கறது என்று என்னிடம் சிரித்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

குடியரசு தினத்தன்று நோட்டு வந்தபோது நானும் அவளும் கையெழுத்துப் போடாமல் கூட்டம் நடக்கிற பந்தலுக்கே போனோம். யூனியனிலிருந்து வந்த அதிகாரி அறிக்கையைப் படிக்க ஆரம்பித்ததும் சர்வர் பேகம் எழுந்தாள், சார் மொதல்ல வந்தவங்க தலைய எண்ணுங்க என்றாள். இன்னாம்மா, கல்யாணப் பந்தியா எண்ணறதுக்கு என்று ஜெகநாதன் கிண்டல் செய்ய, டேங்க்ல தண்ணி எவ்ளோ கீதுன்னு பாக்காமலா நீங்க மோட்டார் போடறீங்கண்ணே என்று அவள் கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். எண்ணினால் முப்பத்தெட்டு பேர், நோட்டில் அதற்குள் நூற்றுப் பத்துக் கையெழுத்து. நூறு பேர் இல்லாமல் கூட்டம் செல்லாது, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று அதிகாரி எழுந்தார். ஒரு மணி நேரம் குடுங்க சார், ஆளுங்க எங்கயும் போவல, வூட்லதான் கீறாங்க என்றாள்.

ஆளுக்கொரு தெருவாக ஓடினோம். நைனா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், எவன் வந்தா நமக்கு இன்னா என்கிற அவர் வசனம் உனக்குத் தெரியுமே, அதை எடுப்பதற்குள் நம்ம கையெழுத்தாலதாங்க அந்தத் தெருவுக்குத் தண்ணி நின்னுகினு கீது என்றேன். சட்டையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். டெபோரா, பிறகு நான் பார்த்ததை எப்படி எழுதுவேன். உலையை இறக்கிவைத்துவிட்டு வந்தார்கள், கைலியோடு வந்தார்கள், தலை துவட்டியபடி வந்தார்கள், நூற்றுப் பதினாறு பேர். இத்தனை வருடமும் இவர்கள் இதே தெருக்களில்தானே இருந்தார்கள். ஆலயத்தில் எல்லோரும் ஒருசேர எழுந்து நிற்கும்போது உடம்பில் ஒரு நடுக்கம் வருமே, அது எனக்கு அந்தப் பந்தலில் வந்தது.

அந்தத் தீர்மானத்தில் இருப்பது என் கையெழுத்து, ஆனால் அன்று நான் கூட்டத்துக்கு வரவில்லை, படிக்கவும் இல்லை என்று எழுந்து சொன்னேன். பின்னாலிருந்து ஆங், நானும்தான் என்றார் உன் நைனா. அப்புறம் நானும் நானும் என்று ஒவ்வொருவராக எழுந்தார்கள், கடைசியில் ஜெகநாதனே, வூடு வூடா எடுத்துக்கினு போனது நான்தான் சார் என்று தலை குனிந்து நின்றார். பழைய தீர்மானம் தவறு, பதினோரு வீட்டுக்குக் குழாய் இல்லை என்று அதிகாரி எழுதி இரண்டு முறை உரக்கப் படித்தார். அன்று கையெழுத்து வாங்கி முடிக்க மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது, எல்லோரும் படித்துவிட்டுத்தான் போட்டார்கள், படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள்.

குழாய் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வந்து டேப் பிடித்துத் தெருவை அளந்துகொண்டு போனார்கள். சித்திரைக்குள் வருமா என்று பயமாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமைதோறும் நாங்கள் நாலைந்து பேர் ஆபீசுக்குப் போய்க் கேட்பது என்று வைத்திருக்கிறோம். ஒரு ஓட்டால இன்னாம்மா மாறிடும் என்று போன தேர்தலில் கேட்டாய், எனக்கு இன்றைக்கும் அதற்குச் சரியான பதில் தெரியாது. அலட்சியமாகப் போட்ட ஒரு கையெழுத்து ஒரு தெருவின் தண்ணீரை நிறுத்தும் என்பது மட்டும் தெரிந்துவிட்டது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. காதை மூடாமல் வெளியே போகாதே, காலையில் கஞ்சியாவது குடி. உங்கள் ஆஸ்பத்திரி நர்சுகள் கூட்டத்துக்குப் போகட்டுமா என்று நீ கேட்டபோது, நமக்கெதுக்கு வம்பு, போகாதே என்று சொன்னேன் அல்லவா. தப்பாகச் சொல்லிவிட்டேன். போய் உட்கார் கண்ணு.

முத்தங்களுடன்,
உன் அம்மா
மார்கரெட் கிங்ஸ்லி