முந்தித் தீர்த்த நேர்த்தி

பலெர்மோ,
1996 பங்குனி 24.

அன்பு நிறைந்த ஜெனுஷாவின் அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் சுகமாயிருக்கிறேன். பேசாலையில் நீங்களும் பிள்ளையும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பாஸ்காத் திருநாளுக்கு முன் உங்கள் இருவரையும் இங்கே கூப்பிடுவேன் என்று எழுதினேனே, அது நடக்காது. பிள்ளைக்குச் சொல்லியிருந்தால் என்னைத் திட்டச் சொல்லுங்கள்.

என்னைப் போல விசா இல்லாமல் வேலை செய்கிறவர்களுக்கும் பெர்மெஸ்ஸோ கொடுக்க அரசாங்கம் கட்டளை போட்டதென்று தை மாதம் டிவியில் சொன்னார்கள். அந்த வதிவிட அனுமதி கிடைத்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். அது கிடைத்தால் வெறுங்காலோடு மலைக் கோயிலுக்கு ஏறுவேன் என்று இந்த ஊர்ப் புனிதை ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். செய்தி கேட்ட கையோடு ஏறி, மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்தேன். கால் நோ கூடத் தெரியவில்லை.

பிறகுதான் எங்கள் கோயிலுக்கு வரும் விமலராஜ் விளங்கப்படுத்தினான். அக்கா, அரசாங்கம் போட்டாலும் பாராளுமன்றம் ஓம் எண்டு சொல்ல வேணும், இல்லாட்டி ரெண்டு மாதத்தில செத்துப்போகும் என்றான். அங்கே ஒரு பக்கம் எங்களைத் திருப்பியனுப்பு என்கிறது, மறு பக்கம் இன்னும் இரக்கம் காட்டு என்கிறது. நடுவில் தேர்தலும் வந்துவிட்டது. நல்ல பேர் மற்றவனுக்குப் போய்விடுமென்று ஒருவரும் கையுயர்த்தவில்லை, கட்டளை செத்துப்போனது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது வேதக்காரரான எங்களுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

போன கிழமை அதையே திருத்தித் திரும்பவும் போட்டிருக்கிறார்கள். அதற்கும் இரண்டு மாதந்தான் ஆயுள். விசா கொடுக்கும் கந்தோரில் கேட்டால் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். பாவம், அவர்களும் ரோமைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் மகளுக்கு நான்தான் காலையில் தலை இழுத்துப் பின்னிவிடுகிறேன். பின்னி முடித்தும் கை விட மாட்டேன் என்கிறது. ஜெனுஷாவுக்கு நீங்கள் கோணலாகப் பின்னுகிறீர்களாம், அவள் எழுதியிருந்தாள். சிரித்தேன், பிறகு அழுதேன். உங்களைக் காணாமல் இருக்க என்னால் முடியவில்லை. எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன்.

ஒன்று கேட்கிறேன், தட்டாதீர்கள். என் நேர்த்தியை முந்தித் தீர்த்துவிட்டேன், இனிப் புனிதையை நெருக்க எனக்கு வாயில்லை. நீங்கள் நேருங்கள். மடு மாதாவுக்கு வேண்டாம். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மலையை வெறுங்காலோடு ஏறுவதாக நேருங்கள். அதை அங்கிருந்து தீர்க்க முடியாது. தன் கடனை வாங்கவாவது அந்தப் புனிதை உங்களை இங்கே கொண்டுவரட்டும்.

மாதா உங்கள் இருவரையும் காக்க.

வழி பார்த்திருக்கும்,
செலஸ்ரீனா