படம் வேண்டாம், சத்தம் போதும்

ஷார்ஜா
20.5.2005

அன்பு சகாயத்துக்கு,

நான் நலம். நீயும் மகள் பவுலினும் நலமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. வேலையில் கை பிசகிவிட்டது. அறைக்குப் புதிதாக வந்திருக்கும் கிளியனூர்த் தம்பி பலராமன், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான்.

பவுலின் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவை டிவிடி போட்டிருப்பதாகப் போனில் சொன்னாய். அதை அனுப்ப வேண்டாம். இங்கே டிவிடி பெட்டி கெட்டுக் கிடக்கிறது. லீவில் வரும் கோட்டக்குப்பத்து பாயிடம் ஒரு சின்ன எம்.பி.3 ப்ளேயர் கொடுத்திருக்கிறேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஸ்டுடியோ அரசப்பனிடம் சொல்லி, டிவிடியில் உள்ள சத்தத்தை மட்டும் பிரித்து அதில் ஏற்றி, பாய் திரும்பும்போது கொடுத்தனுப்பு. வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்களுக்காகப் பவுலின் கோயிலில் மன்றாட்டு வாசித்தாளாமே. அதைக் கேட்க வேண்டும். படம் வேண்டாம், சத்தம் போதும்.

உன்
இன்னாசிராஜ்

மரக்காணம்
3.6.2005

அன்புள்ள பவுலின் அப்பாவுக்கு,

மரியே வாழ்க. கடிதம் கிடைத்தது, நிம்மதிதான் கிடைக்கவில்லை. எந்தக் கை, கட்டுப் போட்டிருக்கிறதா, ஒன்றும் எழுதவில்லை. போனில் கேட்கலாம் என்றால் பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள்.

போன வருடம் அனுப்பிய போட்டோவில் பவுலினுக்கு முன்பல் ஓரம் உடைந்திருப்பதைக்கூடக் கண்டுபிடித்து, எப்படி விழுந்தாள் என்று என்னைக் குடைந்தவர் நீங்கள். இப்போது பெண்ணின் படமே வேண்டாம் என்கிறீர்கள். பக்கத்து அறையில் ஒரு டிவிடி பெட்டி இருக்காதா? கேட்டால் கோபம் வரும், கேட்காமலும் இருக்க முடியவில்லை.

அரசப்பனிடம் போனேன். "டிவிடிய கம்ப்யூட்டர்ல போட்டா சவுண்ட மட்டும் தனியா பிரிச்சிடலாங்க்கா. எம்.பி.3 பண்ணி ஏத்திட்டா மாமா நடந்துகிட்டே கேக்கலாம்" என்றான். கல்யாண சீசனாம், கொஞ்சம் பொறுக்கச் சொல்கிறான். அதுவரை பார்த்துக்கொண்டிருக்க இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். எனக்கு உப்பளத்தில் தினமும் வேலை இருக்கிறது. எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
சகாயமேரி

ஷார்ஜா
16.6.2005

அன்பு சகாயத்துக்கு,

போட்டோ கிடைத்தது. வெள்ளை கவுன், தலையில் பூக்கிரீடம், கையில் மெழுகுத்திரி. பவுலின் சிறகில்லாத சம்மனசு மாதிரி இருக்கிறாள். நெற்றியும் மூக்கும் அப்படியே எங்கள் அம்மா ஜாடை. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

கை தேவலை, எழுதத்தான் வரவில்லை. உன் கடிதத்தில் கேள்விகள் அதிகம். நீ அங்கே பயந்தால் எனக்கு இங்கே ஒன்றும் ஓடாது. பாய் அடுத்த மாதக் கடைசியில் அங்கிருந்து கிளம்புகிறார். அரசப்பனை விரட்டு.

உன்
இன்னாசிராஜ்

மரக்காணம்
1.7.2005

அன்புள்ள பவுலின் அப்பாவுக்கு,

மரியே வாழ்க. அரசப்பன் ஏற்றிக் கொடுத்தான். காதில் மாட்டிக் கேட்டால் முதலிலிருந்து கடைசிவரை பாட்டு. பவுலின் வாய் திறக்கும் இடத்தில் புல்லாங்குழல். ஓடிப்போய்க் கேட்டேன். "வீடியோன்னா பாட்டு போடாம எப்படிக்கா? பேச்ச எடுத்துட்டுத்தான் பாட்டு போடுவோம். எல்லாருக்கும் அப்படித்தான் பண்றது" என்கிறான். டிவிடியில் இல்லாத சத்தத்தை எங்கிருந்து பிரிப்பது? முதலில் எடுத்த கேசட்டைக் கொடு என்றால், அதன்மேல் ஒரு கல்யாணத்தை எடுத்துவிட்டானாம். வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். என் மேலும் தப்பு. டிவியில் பார்த்தபோது பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், குரல் இல்லாதது எனக்கு உறைக்கவே இல்லை.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் தலையணைக்கு அடியில் இருப்பது பவுலின் அல்ல. பக்கத்து வீட்டு அந்தோணிமேரி அக்காவின் மகள் பெனிட்டா. புதுநன்மைப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே கவுன், ஒரே கிரீடம். இரண்டு வீட்டுப் போட்டோவும் ஒரே கவரில் வந்தது, அவசரத்தில் மாற்றி வைத்துவிட்டேன். அக்கா வந்து தன் மகள் படத்தைத் தேடியபோதுதான் தெரிந்தது. யார் வீட்டுப் பிள்ளையடி இது என்று நீங்கள் திட்டி எழுதுவீர்கள், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். நீங்கள் அம்மா ஜாடை என்று எழுதியிருக்கிறீர்கள்.

கை பிசகினவருக்குப் பெற்ற பெண் எப்படி அடையாளம் தெரியாமல் போகும்? உங்கள் கண்ணுக்கு என்ன ஆயிற்று? மாதா மேல் ஆணையாக உண்மையை எழுதுங்கள்.

சகாயமேரி

ஷார்ஜா
12.7.2005

சகாயம்,

ஏப்ரலில் கலவை அடிக்கும் குழாய் பிய்த்துக்கொண்டு சிமென்ட் முகத்தில் அடித்துவிட்டது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இனிமேல் தேறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பளத்து வெயிலில் கண் போய்விடும் என்று பயந்துதான் விமானம் ஏறினேன்.

பலராமன் மேல் கோபப்படாதே. போட்டோவில் இருந்ததை அவன் சொன்னான், அம்மா ஜாடையை நான் சேர்த்துக்கொண்டேன். ஊருக்குப் போகச் சொல்லி டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். நான் வரவில்லை. வந்து என்ன செய்வேன்? நீ உப்பளத்தில் உழைத்து எனக்கும் சேர்த்துச் சோறு போடுவதா? இங்கேயே யாரையாவது பிடித்துக் காலம் தள்ளுகிறேன். பவுலினிடம் சொல்லாதே. அவள் குரல் மட்டும் கிடைத்தால் போதும் என்று இருந்தேன். அதுவும் இல்லை என்கிறாய்.

இன்னாசிராஜ்

மரக்காணம்
28.7.2005

அன்புள்ள பவுலின் அப்பாவுக்கு,

மரியே வாழ்க. படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது. இத்தனை நாளாகத் தனியாகக் கிடந்து கை பிசகிவிட்டது என்று கதை விட்டிருக்கிறீர்கள். பவுலினிடம் சொல்லிவிட்டேன். போய் மன்றாட்டுத் தாளைத் தேடி எடுத்து வந்தாள். அப்புறம், "அப்பாவுக்கு மறுபடியும் படிக்கிறேம்மா" என்றாள்.

ப்ளேயரிலேயே குரல் பதியலாம் என்று அரசப்பன்தான் சொல்லிக் கொடுத்தான். பாட்டையெல்லாம் அழித்துவிட்டோம். முதலில் பவுலினின் மன்றாட்டு இருக்கிறது. நடுவில் விக்குகிறாள், அப்படியே விட்டுவிட்டேன். அடுத்தது நான். டிவிடியை ஓடவிட்டு, டிவி எதிரில் உட்கார்ந்து, வருவதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறேன். சாமியார் முகத்து வேர்வை, அந்தோணிமேரி அக்காவின் புடவை, பவுலின் கிரீடம் சரிந்தது, எதையும் விடவில்லை.

வந்து என்ன செய்வேன் என்று கேட்டீர்கள். எனக்கும் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அங்கே ஒரு பக்கம், நான் இங்கே ஒரு பக்கம் பயந்தது போதும். வாருங்கள், ஒரே வீட்டில் இருந்து பயப்படலாம்.

பலராமன் தம்பி, இதைப் படிப்பது நீங்கள்தான். இத்தனை நாள் உங்கள் கையெழுத்தில்தான் என் புருஷன் எனக்குக் கிடைத்தார். நீங்கள் நல்லா இருக்கணும். பாய் கொடுக்கும் ப்ளேயரை அவர் கையில் வைத்து, காதில் மாட்டிவிட்டு, கொஞ்சம் வெளியே நில்லுங்கள். இன்னொருவர் வாயால் படிக்க முடியாததைக் கடைசியில் பேசியிருக்கிறேன்.

பவுலின் அப்பா, அதில் பொத்தான்கள் எல்லாம் வழவழவென்று ஒரே மாதிரி இருக்கின்றன. பவுலின் தன் புதுநன்மை ஜெபமாலையிலிருந்து ஒரு மணியைக் கழற்றி, அழுத்த வேண்டிய பொத்தான்மேல் ஒட்டியிருக்கிறாள். விரலால் தடவிப் பாருங்கள், தட்டுப்படும். அழுத்துங்கள்.

உங்கள்
சகாயமேரி