நடுவரின் அதிகாரத்துக்கு ஒரு மெழுகுதிரி

21 ஜனவரி 2025, செவ்வாய்
பால் கணக்கு எழுதியாயிற்று. கரையிலுள்ள எங்கள் நண்டு வாடிக் கொட்டிலில் கொழும்புக் கொம்பனி போட்ட பூட்டு இன்னும் தொங்குகிறது. வலையும் என்ஜினும் உள்ளே, இவர் வெளியே. பிடிக்கும் நண்டெல்லாம் கொம்பனிக்குத்தான், மீறினால் வாடி அவர்களுக்கு என்று ஒப்பந்தம். வெளியாளுக்கு விற்றாராம்.
"வித்தனீங்களோ?" என்று கேட்டேன்.
"ஒருநாள்... சும்மா."
பிணக்கு வந்தால் கோடு, வழக்கு என்று போகவேண்டாம், நடுவர் ஒருவர் தீர்ப்பார் என்று எழுதியதும் கொம்பனிதான். நடுவரிடம் போனோம். இப்போது அவர்கள் கோட்டுக்குப் போயிருக்கிறார்கள் — நடுவருக்கு விசாரிக்க அதிகாரமே இல்லையாம்!

6 பெப்ரவரி
எங்கள் வழக்கைப் பேசும் சட்டத்தரணி சீலா வந்தா. "ஒப்பந்தம் முறிஞ்சுபோச்செண்டு கொம்பனி சொல்லுது அன்ரி, அதோடை நடுவர் எண்ட கதையும் செத்துப்போச்சாம். ஆள் செத்தாப்பிறகு அவர் எழுதிவைச்ச மரணசாதனம் செல்லாது எண்ட மாதிரியெல்லோ கிடக்கு!"
இவர் சிரிக்கவில்லை. "வாடிக்குச் சண்டை பிடிக்க வெளிக்கிட்டனான். இப்ப நடுவரின்ரை கதிரைக்குப் பிடிக்கிறன்."

25 பெப்ரவரி, செவ்வாய்
அந்தோனியாரிடம் நேர்த்தி வைத்தேன். நடுவருக்கு அதிகாரம் கிடைக்கவேணும். கிடைத்தால் இவருடைய உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி. தொலைந்த சாமான்களைத் தேடித் தருகிறவர்தான். இப்படி ஒன்றை அவரிடம் இதுவரை ஆரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

11 மார்ச்
தவணை.

8 ஏப்ரல்
மறுபடியும் தவணை; வழக்கைத் தள்ளிப் போட்டாயிற்று. கொம்பனியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லையாம். அவருக்காகவும் செபித்தேன். வேறென்ன செய்ய?

20 மே
வென்றோம்! நடுவருக்கு அதிகாரம் உண்டென்று கோடு சொல்லிவிட்டது. ஒழுங்கை முழுக்க வீடுவீடாய் இவர் சோடா கொடுத்தார். பூட்டு அப்படியே இருக்கிறது.

17 ஜூலை
நடுவர் கேட்டாராம், "எத்தனை நாள் வெளியிலை வித்தனீர்?" இவர், "ஒருநாள், ஐயா." கொம்பனி படங்களை எடுத்து வைத்தது. மழைக்கோட்டோடு நண்டுக்கூடை கொடுக்கிறார். வெயிலில் வெறும் உடம்போடு கொடுக்கிறார். போன வருஷத்து விபூதிப் புதன் சாம்பல் நெற்றியில் இருக்க, பக்தியாய்க் கொடுக்கிறார்.
ஒரு நாளுக்குள் எத்தனை பருவம்! — எனக்காவது சொல்லியிருக்கலாமே, மனிசன்...

2 செப்டெம்பர்
நடுவர் தன் அதிகாரத்தைப் பாவித்துவிட்டார். வாடி கொம்பனிக்கு. வலையையும் என்ஜினையும் எடுத்துக்கொண்டு போகலாமாம்.
"அந்தாளுக்கு என்ன அதிகாரம் கிடக்கு?" என்று இவர் கத்தினார்.
சீலா மெதுவாக, "கிடக்கெண்டு வாதாடினது நாங்கள்தானே, அங்கிள்."

9 செப்டெம்பர், செவ்வாய்
உயரம் அளக்க நூற்பந்தை எடுத்துக்கொண்டு இவரிடம் போனேன்.
"உனக்கென்ன விசரே, மக்டலீன்? தோத்ததுக்கு ஆர் மெழுகுதிரி குடுக்கிறது?"
"வெல்லவேணுமெண்டு நான் கேக்கேல்லையே. அதிகாரம்தான் கேட்டனான். தந்திட்டார்."
பிறகு எழும்பி வந்து கதவோடு நின்றார். நாளை முதல் அயல்வீட்டு லெனாட்டின் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கூலிக்குப் போகிறார். இப்போதே முதுகு வளைந்திருந்தது.
"நிமிர்ந்து நில்லுங்கோ," என்றேன். "அந்தோனியாருக்குக் குறைச்சு அளக்கேலாது."