இமானுவேல் கம்ப்யூட்டருக்கு வாங்கின கார்டு

அனுமந்தன்பட்டி,
ஞாயிறு, பூசை முடிஞ்சு வந்து எழுதுறது.

அன்பு மக ஜெசிக்கு,

அந்தக் குளிர் தேசத்துலயும் மாதா உன்னை ஒரு கொறையும் இல்லாம வச்சிருப்பாங்கிற நம்பிக்கையில அப்பா எழுதுறேன். இங்கன நானும் அம்மாவும் ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கோம். போன் இருக்கையில எதுக்குக் கடுதாசின்னு நினைப்ப. போன்ல பேசினா ரூமுல படுத்திருக்க உன் தம்பி இமானுவேல் காதுல ஒவ்வொரு வார்த்தையும் விழுது ஆத்தா, அதான்.

அவன் பைக்குல விழுந்து முதுகெலும்பு அடிபட்டு வந்து பதினாலு மாசம் ஆச்சு. கொச்சியில அவன் வேலை பாத்த கம்பெனிக்காரர் போன மாசம் கூப்பிட்டு, வீட்டுல இருந்தே, வீடு கட்டுறவுகளுக்குக் கம்ப்யூட்டர்ல பிளான் படம் வரைஞ்சு அனுப்புறியான்னு கேட்டிருக்காக. அவன் லேப்டாப்பு அன்னைக்கு ரோட்டுலயே நொறுங்கிப் போச்சு. இருக்கிறது நீ நர்சிங் படிக்கையில வாங்கின பழைய கம்ப்யூட்டர்தான். அதுல வரைஞ்ச வீட்டத் திருப்பிப் பாக்கப் போனா படம் பாதியில உறைஞ்சு நின்னுருது. நல்ல கிராபிக்ஸ் கார்டா ஒண்ணு போட்டா ஓடும்பான்னு ஒரு பெரிய கார்டு பேர எழுதிக் குடுத்தான். பதினாலு மாசத்துல அவனா வாயத் திறந்து கேட்ட ஒரே பொருள் அது. மறுநாளே தேனிக்குப் பஸ் ஏறிட்டேன். கடைக்காரர் சுயம்புலிங்கம் சீட்ட வாங்கிப் பாத்துட்டு, பெட்டிக்குள்ள எத்தனை இஞ்சு எடம் இருக்கு, கரண்டு குடுக்குற எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்டுன்னு கேட்டாக. எனக்கு என்ன தெரியும், வெறுங்கையோட வந்தேன். மேசைக்கு அடியில குனிய அவனால ஆகாதுல்ல, நான்தான் தரையில படுத்துக்கிட்டுக் கழட்டினேன். எந்தத் திருகாணிய எந்தப் பக்கம் திருப்பணும்னு அவன் கட்டில்ல இருந்தே சொல்லச் சொல்ல, அம்மாவோட தையல் டேப்ப வச்சு அளந்தேன். அதக் கொண்டு போய்க் காட்டினா, பெரிய கார்டு உள்ள நுழையாது, நுழைஞ்சாலும் இந்த எஸ்எம்பிஎஸ் தாங்காது, அதையும் மாத்தினாலும் பழைய பிராசசர் ஈடு குடுக்காதுன்னு அவுக ஒளிக்காமச் சொல்லிட்டாக. தனியா வயர் கேக்காம போர்டுல இருந்தே கரண்ட எடுத்துக்கிற சின்ன கார்டு ஒண்ணு இருக்கு, வேலை மெதுவாத்தான் நடக்கும், ஆனா நிக்காதுன்னாக.

அத வந்து சொன்னதும் தம்பி முகம் செத்துப் போச்சு. எனக்கு இனிமே எல்லாமே சின்னதுதானாப்பான்னு கேட்டுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். ரெண்டு நாளு ஒரு வாய் கஞ்சி குடிக்கல. அம்மா ஜெபமாலையும் கையுமா வாசல்லயே கெடந்தா. கம்பத்துல விஜய்ராஜ்னு ஒருத்தன் பழைய பெரிய கார்டு விக்கிறான்னு கேள்விப்பட்டு, எப்படியாவது அத வாங்கிப் பொருத்திருவோம்னு கெளம்பிட்டேன். அது வருசக்கணக்கா ராவும் பகலும் சூட்டுல ஓடி வெந்த கார்டு, எப்ப நிக்கும்னு சொல்ல முடியாதுன்னு சுயம்புலிங்கம் போன்ல தடுத்துட்டாக. மூணாம் நாளு காலையில தம்பியே கூப்பிட்டு, அந்தச் சின்னதையே வாங்கிட்டு வாங்கப்பான்னான். போய் வாங்கியாந்து, அவன் சொல்லச் சொல்ல நான்தான் மாட்டினேன். திரை தெளிவா வந்துச்சு. அப்பவும் அவன் சிரிக்கல.

நாலு நாள் கழிச்சு, வரைஞ்சதப் பாருங்கன்னு கூப்பிட்டான். யாரோ பார்ட்டிக்கு வரைஞ்ச வீடுன்னு நினைச்சேன். உத்துப் பாத்தா நம்ம வீடு ஜெசி. வாசல் படி மூணையும் எடுத்துட்டு சரிவாப் போட்டிருந்தான். குளியலறைக் கதவ சக்கர நாற்காலி நுழையுற அளவுக்கு அகலமாக்கி, சுவத்துல பிடிச்சுக்கக் கம்பி வச்சிருந்தான். நீதான் எந்திரிச்சு நடக்கப் போறியே, இதெல்லாம் எதுக்குடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கிறிஸ்துமஸுக்குள்ள நடந்துருவான்னு ஊரெல்லாம் சொல்லித் திரியுறவன் நான். சக்கர நாற்காலி வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னு உங்கிட்டச் சண்டை போட்டவனும் நான்தான். அவன் என் முகத்தப் பாக்கவே இல்ல. அந்த வீட்ட மெதுவாத் திருப்பிக்கிட்டே, இப்ப உறையாமச் சுத்துது பாத்தீகளாப்பான்னு மட்டும் கேட்டான். நல்லாச் சுத்துதுய்யான்னு சொல்லிட்டுத் தோட்டத்துக்கு வந்துட்டேன். திராட்சைப் பந்தலுக்குள்ள யாரும் பாக்காம ரொம்ப நேரம் நின்னேன்.

நீ நர்சு, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டெல்லாம் பாத்தவ. உனக்கு முதல்லயே தெரியுமா ஆத்தா? தெரிஞ்சிருந்து எங்கிட்டச் சொல்லாம விட்டிருந்தாலும் எனக்கு வருத்தம் இல்ல. சொல்லியிருந்தா நான் கேட்டிருக்கவா போறேன்.

கொத்தனார் கருத்தக்கண்ணன் புதன்கிழமை வாராரு, படிய இடிக்கப் போறோம். படியில கல்லு பேந்திருச்சு, அதான் இடிக்கிறோம்னு அம்மாட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவளா கேக்குற வரைக்கும் போன்ல நீயும் அப்படியே சொல்லு, மறந்துராத. நைட் டூட்டி முடிஞ்சு வந்து சாப்பிடாமப் படுக்காத. ஆண்டவர் உன் கையையும் காலையும் காத்துக் குடுக்கட்டும்.

உன் அப்பா,
அ. இருதயம்