பாப்பாவோட கைச் சாக்ஸ்

அன்புள்ள மாமாவுக்கு, கும்மிடிப்பூண்டி ஹாஸ்டல்லேர்ந்து ஈஸ்வரி எழுதுறது. பள்ளிப்பட்டு ஊட்ல நீங்களும் நம்ம பாப்பாவும் சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுறீங்களா? நான் நல்லா இருக்கேன்.

போன்ல அம்மா என் குரல் கேட்டாலே பாப்பா அழுவுது, அழுது வேர்த்தா தோல் அரிச்சு ரணமாகுற வரைக்கும் சொறிஞ்சிக்கினே இருக்குதுன்னு சொன்னீங்க. அதான் போன் பண்ணல, லெட்டர் எழுதுறேன்.

நேத்து கம்பெனில லீவு கேட்டேன். "கொழந்த சொறியறதுக்கெல்லாம் லீவா"ன்னு சூப்பர்வைசர் சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன். ஷிப்ட் விட்டா கம்பெனி வண்டி, ஹாஸ்டல் வந்தா கேட்டுக்குப் பூட்டு.

குளிப்பாட்டினதும் ஈரம் காயறதுக்குள்ள டாக்டர் குடுத்த கிரீமத் தடவுங்க. கடலை மாவு தேய்க்க வேணாம். முட்டை குடுத்து வாயச் சுத்தி தடிச்சா டாக்டர்கிட்ட காட்டுங்க.

சொறியாம இருக்க கையில சாக்ஸ் மாட்டித்தான் தூங்க வைக்கிறீங்களாமே. எனக்கும் இங்க நாள் பூரா கிளவுஸ்தான், கழட்ட விட மாட்டாங்க. பாப்பாவோட கிழிஞ்ச சாக்ஸ் இருந்தா அனுப்புங்க, தைச்சுத் தரேன்.

வண்டி ஹாரன் அடிக்குது. இந்த லெட்டர பாப்பாவுக்கு நீங்களே படிச்சுக் காட்டுங்க. உங்க குரல்னா அது அழாது.

ஈஸ்வரி