பதினேழாம் எண் கிணறு

வேலூர்
12 ஜூலை 2024

அன்புள்ள அம்பரீன்,

நீயும் மகள் இரமும் நலம்தானே? ஐஸ் பெட்டி மத்தியான பஸ்ஸில் வந்தது. நீ கிணற்றுத் தண்ணீர் நிரப்பி அனுப்பிய இருபத்திரண்டு பாட்டிலில் ஒன்றும் உடையவில்லை. வழக்கம்போல் காலிப் பெட்டியோடு என் கடிதம் வருகிறது. போனில் அனுப்பினால் உன் வீடே படிக்கும்.

பதவி உயர்வுக்கு ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். உங்கள் தெருக் கிணறுகளைப் பற்றிப் பதினான்கு கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். மற்ற ஆய்வாளர்கள் அவற்றை ஆயிரத்து நூற்று ஆறு முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அதை நிரப்பிவிட்டேன். அடுத்த கேள்வி, 'ஆய்வால் பயனடைந்தவர்கள் யார்?' மூன்று நாளாக அந்த இடம் காலி.

பதினேழாம் எண் கிணற்றில் தோல் ஷெட் கழிவின் குரோமியம் பதினோரு வருஷமாக அளவை மீறித்தான் இருக்கிறது. பிரேசிலில் ஒருவர் அதைப் பற்றி எனக்கு எழுதிக் கேட்கிறார். அங்கே தண்ணீர் இறைப்பவளுக்குத் தெரியாது. யார் வீடு என்று எனக்கும் தெரியாது. பாட்டிலில் எண், வீட்டுப் பெயர் உன் நோட்டில் என்று அன்று முடிவு செய்தோம். அதுதான் நேர்மையான முறை என்று மாணவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

நோட்டை அனுப்பு. அச்சில் பெயர் வராது. அந்தந்த வீட்டில் மட்டும் சொல்வேன்.

உன்
ஃபீபி


ஆம்பூர்
19 ஜூலை 2024

அன்பு ஃபீபி,

இரண்டு பக்கம் எழுதியவள் என் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

நவம்பரில் இரமுக்கு நிக்காஹ். எங்களைப் போல் மாப்பிள்ளை வீட்டிலும் தோல் பதனிடும் ஷெட்தான். போன வாரம் சம்பந்தி, "அந்த வேலூர் டீச்சரம்மா இன்னா எழுதினே இருக்காங்க?" என்றார். என் வீட்டுக்காரர் நயீம், "அது வெறும் நம்பருங்க பாய்" என்று சிரித்துச் சமாளித்தார்.

நம்பர் மட்டும்தான் என்று சத்தியம் செய்துதான் ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் பிடித்தேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதே. நிக்காஹ் முடியட்டும், பார்க்கலாம். ஆற்காட்டு மக்கன் பேடா வந்திருக்கிறது. வந்தால் உனக்கு, வராவிட்டால் எறும்புக்கு.

அன்புடன்
அம்பரீன்


வேலூர்
24 ஜூலை 2024

அன்புள்ள அம்பரீன்,

முழங்காலைக் கேட்காதது என் தப்பு. மாடிப்படி ஏறாதே.

நவம்பருக்கு நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை அந்த வீட்டில் எத்தனை குடம் இறைப்பார்கள்?

நீ சத்தியத்தை மீற வேண்டாம். திங்கட்கிழமை புதுப் பாட்டிலோடு நானே தண்ணீர் பிடிக்க வருகிறேன். ஒவ்வொரு கதவாகத் தட்டுவேன், உன் கதவையும். அளந்தது என்ன என்று அவரவர் கையில் எழுதிக் கொடுப்பேன். இது முடியும்வரை கட்டுரை இல்லை. படிவத்தை அந்த இடத்தைக் காலியாக விட்டே கொடுத்துவிட்டேன்.

கோபம் இருந்தால் இரு. நான் வருவேன்.

ஃபீபி


ஆம்பூர்
27 ஜூலை 2024

ஃபீபி,

பதினேழு எங்கள் கிணறு.

உன் முதல் அட்டவணை வந்த அன்றே நோட்டைத் திறந்து பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர். பின்வாசலை மட்டும் பூட்டவில்லை. பக்கத்து வீட்டு ஹலீமா பீ அந்த வழியாக வந்துதான் குடிக்க இறைத்துக்கொண்டு போவாள். பூட்டினால் ஏன் என்று கேட்பாளே.

இன்று காலை குடத்தோடு வந்தவளிடம் சொன்னேன்.

"எப்பலேருந்து தெரியும் ஆபா?"

"பதினோரு வருஷமா."

அவள் கத்தவில்லை. "சைரா கைக்குழந்தையா இருக்கச்சொல்ல பால் பவுடர் இதுலதான் கலக்குனேன்" என்றாள். குடத்தை அங்கேயே கவிழ்த்தாள். பிறகு நோட்டைக் கேட்டாள். கொடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டில் நோட்டோடு நிற்பாள். வீடு வீடாக அவளே உன்னைக் கூட்டிப் போவாளாம். அவளுக்குத் தெரியாத கதவு இந்தத் தெருவில் இல்லை.

சம்பந்தி வீட்டுக்கு இரமே போன் செய்து சொல்லிவிட்டாள். இன்னும் பதில் இல்லை. நயீம் என்னோடு பேசவில்லை. நீ பேசுவாயா என்றும் தெரியவில்லை.

என் கதவைத் தட்ட வேண்டாம், திறந்தே இருக்கும். பாட்டிலை நிரப்பி வாசலில் வைத்திருப்பேன். எண் போடவில்லை. இந்தக் கடிதத்தின் கீழே இருக்கும் பெயரைத்தான் அதிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அம்பரீன்,
நயீம் அகமது வீடு